கேட்போர் நிலை அறிந்து சொல்லுதல்
(சமயபாட வகுப்பு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்)



எமது ஆலயங்களில் திருவிழாவுக்குக் குறைவில்லை. அபிஷேகம், அலங்காரம், அன்னதானம் யாவும் ஊரிலே நடந்ததைப் போலவே இங்கும் நடைபெறுகின்றன. ஆனால் ஞாயிறு வகுப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை எம் கண்ணுக்குத் தெரியும். ஐந்து வயதிலே வந்து சேரும் பிள்ளைகள் பலர். பன்னிரண்டு வயதிலே அவர்களிற் சிலரே எஞ்சுகின்றனர். பதினாறு வயதிலே வகுப்பிலிருப்போரை ஒரு கைவிரலால் எண்ணிவிடலாம். பாட்டு மறந்துபோகின்றது, சொல் மறந்துபோகின்றது, பின்பு வருகையும் நின்றுபோகின்றது.

இதற்குக் காரணம் பிள்ளைகளின் குறையா, இந்நாட்டின் குறையா, காலத்தின் குறையா என்று நாம் அடிக்கடி விவாதிக்கின்றோம். இந்தப் பாடத்திலே அந்த விவாதத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றைச் சிந்திப்போம். சொல்லப்படும் பொருள் உயர்ந்ததாக இருந்தால் மட்டும் போதுமா? யாருக்குச் சொல்கின்றோம், அவர் இப்போது எங்கே நிற்கின்றார் என்று அறிந்து சொல்லவேண்டாமா? எமது முன்னோர் இதைப்பற்றி மிகத் தெளிவாகச் சிந்தித்திருக்கின்றார்கள். அவர்கள் வகுத்த வழியையே இங்கு தொகுத்துத் தருகின்றோம்.

1. வள்ளுவரும் நன்னூலாரும் சொன்னவை

திருக்குறளின் பொருட்பாலிலே எழுபத்திரண்டாம் அதிகாரம் 'அவையறிதல்' என்பதாகும். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், சபையை அறிவதற்கு வேறாக ஓர் அதிகாரம் வகுத்தார். நன்றாகப் பேசத் தெரிவது ஒன்று. கேட்போரின் தன்மை தெரிவது மற்றொன்று. முன்னது இருந்து பின்னது இல்லாவிட்டால் பேச்சு வீணாகும் என்பது அவர் கருத்து. உணரக்கூடியவர்களுக்குச் சொல்வதை, தானாக வளர்கின்ற பயிருக்கு நீர் பாய்ச்சுவதற்கு அவர் ஒப்பிடுகின்றார். இந்த உவமையை நாம் சற்று ஆழமாகப் பார்க்கவேண்டும். நீர் பாய்ச்சுபவன் பயிரைப் பார்க்கின்றான். நாற்றுக்கு எவ்வளவு, கதிர் வந்த பயிருக்கு எவ்வளவு என்று கண்டு மடையைத் திறக்கின்றான். வாய்க்காலில் நீர் நிறைய இருக்கின்றது என்பதற்காக நாற்றங்காலை மூழ்கடிப்பவன் கமக்காரன் அல்லன்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இலக்கண நூல்தான். ஆயினும் அதன் பொதுப்பாயிரத்திலே ஆசிரியர் யார், மாணாக்கர் யார், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று முதலில் சொல்லிவிட்டே இலக்கணத்துக்குள் நுழைகின்றார். பாடம் சொல்பவர் ஏற்ற இடமும் காலமும் தெரிந்து, சொல்லப்போவதை உள்ளத்திலே ஒழுங்குபடுத்திக்கொண்டு, அவசரப்படாமலும் கோபப்படாமலும், விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும், கேட்பவன் எவ்வகையால் ஏற்றுக்கொள்வானோ அவ்வகையை அறிந்து, அவன் மனம் கொள்ளும்படி சொல்லவேண்டும் என்பது அவர் விதித்த முறையின் சாரம். மாணாக்கரையும் அவர் தரம் பிரித்தார். அன்னத்தையும் பசுவையும் போன்றவர் தலையானவர். மண்ணையும் கிளியையும் போன்றவர் இடையானவர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைப் போன்றவர் கடையானவர்.

இதிலே கிளியை இடையில் வைத்ததை நாம் கவனிக்கவேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்வது கிளியின் இயல்பு. எமது கலைவிழாக்களிலே பிள்ளை தேவாரத்தைத் தவறின்றி ஒப்புவித்தால் நாம் கைதட்டி மகிழ்கின்றோம், மகிழவும் வேண்டும். ஆனால் பவணந்தியார் கணக்கின்படி அது நடுப்படிதான். பாலையும் நீரையும் பிரிக்கின்ற அன்னத்தின் நிலையும், மேய்ந்ததை அசைபோடுகின்ற பசுவின் நிலையும் அதற்கு மேலே இருக்கின்றன. பிள்ளையை அங்கே ஏற்றுவதற்குப் பாட்டு மட்டும் போதாது. கேள்வியும் விளக்கமும் வேண்டும்.

2. இறைவன் காட்டிய முறை

சைவ சித்தாந்தம் உயிர்களைச் சகலர், பிரளயாகலர், விஞ்ஞானகலர் என்று மூவகையாகப் பிரிக்கின்றது. ஒரு மலம் உடையவர் விஞ்ஞானகலர், இரு மலம் உடையவர் பிரளயாகலர், ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலமும் உடையவர் சகலர். இறைவன் ஒருவனே, அவன் உணர்த்தும் ஞானமும் ஒன்றே. ஆயினும் விஞ்ஞானகலருக்கு உள்ளே நின்று உணர்த்துகின்றான். பிரளயாகலருக்குத் தன் திருமேனியோடு முன்னே தோன்றி உணர்த்துகின்றான். சகலராகிய எம்போன்றவர்களுக்கு எம்மைப்போலவே மானிட வடிவிலே குருவாக வந்து உணர்த்துகின்றான். பெறுபவரின் நிலைக்கேற்பக் கொடுக்கும் முறை மாறுகின்றது. கொடுக்கும் பொருள் மாறவில்லை.

இந்தத் தத்துவத்தை நால்வர் வரலாற்றிலே கண்கூடாகக் காணலாம். திருஞானசம்பந்தர் சீர்காழிக் குளக்கரையில் அழுதபோது அவருக்கு வயது மூன்று. குழந்தைக்குத் தெரிந்தது பசியும் பாலும். ஆகவே ஞானம் பாலாக வந்தது. திருநாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரோடு சமண சமயத்தில் உயர்ந்த நிலையிலிருந்த பெரும் கல்விமான். வாதத்தால் அவரை வெல்வது எளிதன்று. அவரைச் சூலை நோய் வருத்தியது. திருவதிகையிலிருந்த தமக்கையார் திலகவதியாரின் கையால் திருநீறு கிடைத்தது. சுந்தரமூர்த்தி நாயனார் மணக்கோலத்தில் இருந்தார். அங்கே இறைவன் முதியவராக, கையில் ஓலையோடு, வழக்காளியாக வந்தார். தம்மைப் 'பித்தன்' என்று ஏசியவரை அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடச்செய்தார். மாணிக்கவாசகரோ பாண்டியனின் அமைச்சர்; குதிரை வாங்கப் புறப்பட்டவர்; நூல் பல கற்றும் உண்மையான குருவைத் தேடி ஏங்கியவர். அவருக்குத் திருப்பெருந்துறையிலே குருந்தமர நிழலில் குருவடிவாகவே காட்சி கிடைத்தது.

குழந்தைக்குப் பால், கல்விமானுக்கு நோயும் மருந்தும், மணமகனுக்கு வழக்கு, அமைச்சருக்குக் குரு. நால்வரையும் ஒரே வாசலால் அழைக்கவில்லை. அவரவர் நின்ற இடத்துக்கே சென்று அழைத்தார். சுந்தரர் ஏசிய சொல்லைக்கூட இறைவன் தள்ளவில்லை என்பதை, கேள்வி கேட்கும் பிள்ளையைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

3. நாவலர் பெருமான் செய்து காட்டியது

புராணத்தில் கண்டதை வரலாற்றிலும் காண்போம். நல்லூரிலே 1822ஆம் ஆண்டு பிறந்து 1879ஆம் ஆண்டு மறைந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்கம் செய்வதில் உதவியவர். பாதிரிமார் பிரசங்கத்தாலும் பாடசாலையாலும் அச்சுப் புத்தகத்தாலும் மக்களிடம் செல்வதை அவர் அருகிலிருந்து பார்த்தார். எமது சமயத்தவர்களிடம் சாத்திரங்கள் இருந்தன, புராணங்கள் இருந்தன, வித்துவான்களும் இருந்தார்கள். ஆனால் அவை சாதாரண குடும்பத்துப் பிள்ளையின் கையை எட்டவில்லை.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே அதற்கு முன்பே புராணபடனம் என்ற நல்ல வழக்கம் இருந்தது. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதற்குப் பயன் சொல்வார். வாசிப்பது செய்யுள் நடை. பயன் சொல்வது கேட்போரின் மொழி. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமாரும் கந்தபுராணக் கதையை ஒழுங்காகச் சொல்லக்கூடியவர்களாக இருந்தமைக்கு இந்தப் பயன் சொல்லும் முறையே காரணம்.

நாவலர் இதற்கு மேலும் சென்றார். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். மக்கள் தாமாகவே கோயிலுக்குக் கூடும் நாள் வெள்ளிக்கிழமை. புதிதாக ஒரு நாளையும் ஓர் இடத்தையும் ஏற்படுத்தி மக்களை வா என்று அழைக்காமல், அவர்கள் வந்து நிற்கும் இடத்திலே நின்று பேசினார். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடசாலை தொடங்கியதும் பிள்ளைகளுக்கேற்ற புத்தகம் இல்லை என்பது தெரிந்தது. ஆகவே அச்சியந்திரம் வாங்கிப் புத்தகங்களை எழுதி வெளியிட்டார்.

அவர் எழுதிய நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கேட்போரை அறிந்த ஒரு மனம் தெரியும். எழுத்தறியத் தொடங்கும் பிள்ளைக்குப் பாலபாடம். அது சிறு சொற்களிலும் சிறு வாக்கியங்களிலும் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து செல்வது. சமயத்தின் அடிப்படையை அறியவேண்டியவர்களுக்குச் சைவ வினாவிடை. அதுவும் ஒன்றாக அன்றி, முதற்புத்தகம், இரண்டாம் புத்தகம் என்று படியாக அமைந்தது. செய்யுளைப் படித்து விளங்கமுடியாத பெரியவர்களுக்கு, நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெரியபுராணத்தை வசனமாக 1852இல் வெளியிட்டார். கற்றறிந்த புலவர்களுக்கோ, பிழையின்றிப் பரிசோதித்த இலக்கண இலக்கியப் பதிப்புக்கள். பொதுமக்கள் வாசிக்கும் நூல்களிலே சொற்களைச் சந்தி பிரித்து எழுதினார். தமிழுக்குப் புதியனவாக இருந்த காற்புள்ளி, வினாக்குறி முதலியவற்றைப் பயன்படுத்தினார். பண்டிதர்களுக்கு எழுதும்போது பண்டித நடையிலே எழுதினார்.

இவ்வளவையும் செய்தவர் இலக்கணத்திலோ ஆசாரத்திலோ நெகிழ்வு காட்டியவர் அல்லர். மிகக் கண்டிப்பானவர் என்றே பெயர் பெற்றவர். அப்படிப்பட்டவர்தான் பிள்ளைக்காகக் குனிந்து சிறு வாக்கியம் எழுதினார். எளிமையாகச் சொல்வது சமயத்தைக் குறைப்பதாகும் என்று எண்ணுவோருக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

4. எமது வகுப்பில் இருப்பவர் யார்?

இனி எமது மண்டபத்துக்கு வருவோம். 'எமது பிள்ளைகள்' என்று ஒரே சொல்லால் சொல்கின்றோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் பலர் இருக்கின்றனர்.

முதலாவது, ஐந்து முதல் எட்டு வயதுவரையான சிறுவர். இவர்களுக்குக் கண்ணும் காதும் கையுமே அறிவின் வாசல்கள். மணியோசை, விளக்கு, பிள்ளையாரின் வயிறு, மோதகத்தின் இனிப்பு, மயிலின் தோகை, இவையே இவர்களுடைய வேதம். ஞாபகசக்தி மிகுந்த வயதாதலால் பாட்டை இப்போதே மனனம் செய்விக்கலாம். தத்துவம் சொல்லவேண்டாம்.

இரண்டாவது, ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரையானவர். இவர்கள் கதையை விரும்புவர், காரணமும் கேட்பர். ஏன் தேங்காய் உடைக்கின்றோம், ஏன் செருப்பைக் கழற்றுகின்றோம், ஏன் வலமாகச் சுற்றுகின்றோம் என்று கேட்பது எம்மைச் சோதிப்பதற்காக அன்று. பாடசாலையிலே கேள்வி கேட்கும் பிள்ளையே நல்ல பிள்ளை என்று பழக்கியிருக்கின்றார்கள். அந்தப் பழக்கத்தோடு இங்கும் வருகின்றார்கள்.

மூன்றாவது, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர். இவர்கள் இரண்டு உலகங்களில் வாழ்பவர். நெற்றியில் திருநீற்றோடு பாடசாலைக்குப் போவதா என்பது இவர்களுக்கு உண்மையான சங்கடம். கடவுள் ஒருவரா பலரா, விஞ்ஞானம் சொல்வதும் புராணம் சொல்வதும் ஏன் வேறுபடுகின்றன, சாதி வேறுபாட்டைச் சமயம் ஏற்கின்றதா என்றெல்லாம் இவர்களிடம் கேள்விகள் உண்டு. சிறுபிள்ளைக்குச் சொன்ன விடையை இவர்களுக்கும் சொன்னால் தங்களை இழிவுபடுத்தியதாக எண்ணுவர். விடை சொல்லாமல் அதட்டினால் மறுமுறை கேட்கமாட்டார்கள். கேள்வி நின்றுவிட்டது என்று நாம் நிம்மதியடைவோம்; ஆனால் நின்றது கேள்வி மாத்திரமன்று, உறவும் நின்றுவிட்டது என்பது சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும்.

நான்காவது, அண்மையில் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள். இவர்களுக்குத் தமிழ் நன்றாக வரும். இந்நாட்டு மொழி வராது. வகுப்பை முழுவதும் ஆங்கிலத்தில் நடத்தினால் இவர்கள் தனித்துப்போவார்கள். அதேவேளை இவர்களையே இங்கு பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணையாக அமர்த்தினால் இரு பக்கமும் பயன்பெறும்.

ஐந்தாவது, வேறு பண்பாட்டிலிருந்து திருமணத்தால் எமது குடும்பங்களில் இணைந்த மருமக்கள். இவர்கள் ஆவலோடு கோயிலுக்கு வருகின்றார்கள். எப்போது எழவேண்டும், தட்டில் தரப்படுவதை என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் பின்வரிசையிலே நிற்கின்றார்கள். பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

ஆறாவது, எமது தாத்தாமார், பாட்டிமார். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது குறைவு. இவர்களிடமிருந்து பெறவேண்டியது அதிகம். ஆயினும் மண்டப ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் மட்டும் அறிவித்தல் கொடுத்தால், தம் சொந்தக் கோயிலிலேயே இவர்கள் அந்நியராகிவிடுவர்.

5. ஒரு பொருள், நான்கு படிகள்

கேட்போர் நிலைக்கேற்பச் சொல்வது எப்படி என்பதற்குத் திருநீற்றையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

சிறுவர் வகுப்பில்: திருநீற்றைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் செய்க. எவ்வளவு மென்மை, என்ன நிறம் என்று கேட்க. நிலத்தில் சிந்தாமல் எடுப்பது எப்படி, அண்ணாந்து நெற்றியில் இடுவது எப்படி, அப்போது 'சிவசிவ' என்று சொல்வது எப்படி என்று செய்து காட்டுக. அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அடுத்த வகுப்பில்: அது எதிலிருந்து வருகின்றது என்று சொல்லுக. பசுவின் சாணத்தை உலர்த்தி, நெருப்பிலே வெந்து வெண்மையானதே திருநீறு. சாணம் என்றவுடன் பிள்ளைகள் சிரிப்பர், சிரிக்கட்டும். அழுக்கு என்று நினைத்த ஒன்று நெருப்பில் பட்டுத் தூய்மையாகிறது என்பதை அந்தச் சிரிப்பு அடங்கியதும் சொன்னால் மனத்திலே பதியும். பின்பு மதுரையிலே பாண்டியனுக்கு வந்த வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடித் தீர்த்த கதையைச் சொல்லுக. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் கவலையோடு காத்திருந்ததையும் சேர்த்துச் சொல்லுக.

இளைஞர் வகுப்பில்: அரசனும் ஆண்டியும் முடிவில் சாம்பல்தானே என்ற கேள்வியிலிருந்து தொடங்குக. தினமும் காலையில் தன் முடிவை நெற்றியில் எழுதிக்கொண்டு வெளியே போகின்ற ஒருவன் பிறரை எப்படி நடத்துவான் என்று அவர்களையே சொல்லவிடுக. பாடசாலையில் எவராவது இது என்னவென்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் என்ன விடை சொல்வாய் என்று ஒவ்வொருவரையும் எழுதச் செய்க. அந்த வாக்கியம் அவர்கள் பேசும் மொழியிலேயே இருக்கட்டும். நாம் எழுதிக் கொடுக்கும் விடையிலும் அவர்கள் தாமாக எழுதிய விடையே சங்கடமான நேரத்தில் வாயில் வரும்.

பெரியோர் வகுப்பில்: மூன்று குறிகளை மும்மலங்களோடு தொடர்புபடுத்திச் சிந்திக்கலாம். மலம் நீங்கிய ஆன்மாவின் தூய்மைக்கு வெண்ணீறு எவ்வாறு அடையாளமாகின்றது என்று ஆராயலாம்.

திருநீறு மாறவில்லை. எந்தப் படியிலும் பொய் சொல்லப்படவுமில்லை. சிறுவனுக்குச் சொன்னதை இளைஞனுக்கு மறுக்கவேண்டிய நிலையும் வரவில்லை. இதுவே நல்ல படிமுறைக்கு அடையாளம். சிறுவயதில் பயமுறுத்துவதற்காகச் சொல்லும் கதைகள், அதாவது கோயிலுக்குப் போகாவிட்டால் சுவாமி கண்ணைக் குத்தும் என்பது போன்றவை, இந்தப் பரீட்சையில் தோற்றுவிடும். பதினான்கு வயதில் அவை பொய்யென்று தெரிந்தவுடன், அவற்றோடு சேர்த்து உண்மையையும் பிள்ளை தூக்கி எறிந்துவிடும்.

6. இரு ஆட்சேபங்கள்

'நாங்கள் பொருள் தெரியாமலே பாடமாக்கினோம். பொருள் பின்னால் தானாக வந்தது' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது உண்மை. ஆனால் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். ஊரிலே விடியற்காலை மணியோசை சொல்லித்தந்தது. தேர்முட்டியும் தெப்பக்குளமும் சொல்லித்தந்தன. புராணபடனமும், பக்கத்து வீட்டு ஆச்சியும், கந்தசஷ்டி விரதமும் சொல்லித்தந்தன. வகுப்பு சொல்லாமல் விட்டதை ஊர் சொல்லியது. இங்கே ஊர் இல்லை. கிழமையில் ஒரு மணித்தியாலம்தான் இருக்கின்றது. ஊர் செய்த வேலையையும் அந்த ஒரு மணித்தியாலமும், பிள்ளையைக் காரில் ஏற்றிவரும் அந்த இருபது நிமிடமும், வீட்டுச் சுவாமியறையும் சேர்ந்து செய்யவேண்டியிருக்கின்றது. ஆகவே பாடமாக்குதலைக் கைவிடவேண்டாம். அதனோடு பயன் சொல்லுதலையும் சேர்த்துக்கொள்வோம்.

மற்றொரு ஆட்சேபம்: 'பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே நாம் இறங்கிப் போனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடமாட்டார்களா? ஆங்கிலத்தில் சொன்னால் தமிழ் அழிந்துபோகாதா?' இது நியாயமான அச்சம். இதற்கு விடை, இறங்கிப் போவது கைப்பிடித்து ஏற்றி வருவதற்காகவே என்பதாகும். தாய் முதலில் பால் கொடுக்கின்றாள். பின்பு சோற்றைக் குழைத்து ஊட்டுகின்றாள். பின்பு பிள்ளை தானே பிசைந்து உண்கின்றது. பத்து வயதிலும் குழைத்து ஊட்டினால் அது அன்பாகாது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கையும் தாயுமான சுவாமிகள் அரும்பு, மலர், காய், கனி என்பவற்றுக்கு ஒப்பிட்டார். அரும்பை இகழ்பவனுக்குக் கனி இல்லை. அரும்பிலேயே நின்றாலும் கனி இல்லை.

மொழிக்கும் இதுவே விதி. கருத்தை முதலில் பிள்ளைக்கு விளங்கும் மொழியிலே சொல்லுக. ஆனால் திருநீறு, அபிஷேகம், அருச்சனை, விரதம், அன்பு, அருள் போன்ற சொற்களை மொழிபெயர்க்காமல் தமிழாகவே பழக்குக. கிழமைக்கு ஐந்து சொல் என்று வைத்தாலும் ஓராண்டிலே இருநூறுக்கு மேற்பட்ட சொற்கள் சேரும். அந்தச் சொற்களை ஏணியாகக்கொண்டு அடுத்த ஆண்டு ஒரு வாக்கியம் தமிழிலே சொல்லலாம். அதற்கடுத்த ஆண்டு ஒரு கதை முழுவதையும் தமிழிலே சொல்லலாம். எமது செய்திமலரும் இப்படியே அமையவேண்டும் என்பது எமது விருப்பம். ஆங்கிலப் பக்கம் தமிழ்ப் பக்கத்தின் வெறும் மொழிபெயர்ப்பாக இருந்தால் போதாது. தமிழ்ப் பக்கத்தை வாசிப்பவர் ஊரைக் கண்டவர். ஆங்கிலப் பக்கத்தை வாசிப்பவர் ஊரைக் காணாத அவருடைய பேரப்பிள்ளை. இருவருக்கும் ஒரே திருவிழாவை இருவிதமாகச் சொல்லவேண்டும்.

7. இது ஏன் இப்போது முக்கியம்?

ஒரு நாளை நினைத்துப் பார்ப்போம். அது எம் எல்லோருக்கும் வரக்கூடிய நாள். அன்று எமது பிள்ளைகள் எம்மைச் சுற்றி நிற்பார்கள். குருக்கள் தர்ப்பையைக் கையில் கொடுத்து, இதைச் செய், அதைச் செய் என்று சொல்வார். தாம் செய்வது என்னவென்று அறிந்து, அதிலே ஆறுதல் பெற்று, தாயையோ தந்தையையோ வழியனுப்பி வைக்கின்ற பிள்ளையாக அன்று நிற்பார்களா? அல்லது விளங்காத சடங்கை எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பார்களா? அந்த நாளிலே எவரும் பாடம் நடத்தமுடியாது. அதற்குரிய பாடம் இன்றைய ஞாயிறு வகுப்பிலேயே, இன்றிரவுச் சாப்பாட்டு மேசையிலேயே நடக்கின்றது. பிள்ளைகளுக்காக மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. துக்கம் வரும்போது சாய்ந்துகொள்ள ஒரு தூண் அவர்களுக்கு இருக்கவேண்டும் என்பதற்காகவே சொல்கின்றோம்.

கண்ணப்ப நாயனார் வரலாற்றோடு இப்பாடத்தை நிறைவு செய்வோம். திண்ணனார் வேடர். ஆகமம் அறியாதவர். வாயிலே நீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்தார். தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்தார். முறையறிந்த சிவகோசரியார் அதைக் கண்டு பதறினார். இறைவன் திண்ணனாரை நீ முதலில் ஆகமம் படித்துவிட்டு வா என்று அனுப்பவில்லை. அவர் அறிந்த வழியிலே செய்த அன்பை ஏற்றார். அதேவேளை சிவகோசரியாரையும் கைவிடவில்லை. அவருடைய கனவிலே தோன்றி, மறைந்து நின்று பார் என்று சொல்லி, அந்த அன்பின் பெருமையை அவருக்கும் காட்டினார். வேடருக்கு ஒரு வழி, வேதியருக்கு ஒரு வழி. இருவரையும் ஒரே சந்நிதியிலே கொண்டுவந்து நிறுத்தினார்.

எமது மண்டபத்திலும் திண்ணனார்கள் இருக்கின்றார்கள். முறை தெரியாமல், ஆனால் ஆசையோடு வருகின்றார்கள். சிவகோசரியார்களும் இருக்கின்றார்கள். முறை கெடுகின்றதே என்று உண்மையான கவலையோடு நிற்கின்றார்கள். இரு சாராரும் இக்கோயிலுக்கு வேண்டியவர்களே.

வீட்டிலும் வகுப்பிலும் செய்துபார்க்கச் சில பயிற்சிகள்

1. உங்கள் பிள்ளை சமயத்தைப்பற்றிக் கடைசியாகக் கேட்ட கேள்வி என்ன? அதற்கு நீங்கள் சொன்ன விடையை எழுதுக. அந்த விடை பிள்ளையின் வயதுக்கு ஏற்றதா என்று சிந்திக்க.

2. விளக்கேற்றுதல் என்ற ஒரு செயலை எடுத்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாக்கியத்திலும், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து வாக்கியத்திலும் விளக்குக.

3. பிள்ளைக்குத் தெரிந்த ஒரு தேவாரத்தை எடுத்து, புராணபடன முறையிலே ஒருவர் பாட மற்றவர் பயன் சொல்லுக. பயன் சொல்பவர் பிள்ளையாக இருந்தால் மிக நன்று.

4. அடுத்த பூசைக்கு வரும்போது, பின்வரிசையில் தயங்கி நிற்கும் ஒருவருக்கு அருகில் சென்று நின்று, நடப்பதை மெதுவாக விளக்குக.

5. தாத்தா அல்லது பாட்டியிடம் அவர்களுடைய ஊர்க் கோயிலின் திருவிழா ஒன்றைப்பற்றிக் கேட்டு, பிள்ளை தன் மொழியிலே அரைப்பக்கம் எழுதுக. எழுதியதை ஆசிரியரிடம் கொடுத்தால் இம்மலரிலே வெளியிடுவோம்.

திருச்சிற்றம்பலம்.